எட்டு டிலே லைனில் ஒரு மண்டபம்

கஞ்சிராவில் ஒரே ஒரு அடி. நான்கு சுவரிலும் பஞ்சுப் பலகை ஒட்டிய ரெக்கார்டிங் அறையில் பதிந்தது. அடித்த இடத்திலேயே செத்துப்போகிற சத்தம். அதை 29.7 மில்லிநொடி டிலே லைன் ஒன்றுக்குள் (உள்ளே போனதை அவ்வளவு நேரம் தாமதித்து வெளியே விடும் சுற்று) விட்டு, வெளியே வருவதில் 0.9 பங்கை மறுபடி உள்ளே திருப்பிவிட்டால் மண்டபம் கேட்காது. நொடிக்கு 33 தடவை அதிரும் ‘ட்ர்ர்ர்’ கேட்கும், தகரக் குழாயின் வாயில் தட்டியது போல. அதே அடியை வெவ்வேறு நீளமுள்ள எட்டு டிலே லைன்களில் விட்டு, எட்டின் வெளியீட்டையும் ஒன்றோடொன்று கலந்து திருப்பினால், உயரமான கூரை வரை போய் விரிந்து, இரண்டு நொடியில் தேய்ந்து அடங்குகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ரிவெர்ப், அதாவது செயற்கை எதிர்முழக்கத்தின் வடிவமைப்பு. ஒரே வரியில் சொன்னால் அது ஒழுங்கை மறைக்கும் வேலை. சம இடைவெளியில் திரும்பி வருகிற எதையும் காது விடாது. நொடிக்குச் சில தடவை வந்தால் தாளமாகப் பிடிக்கும். நொடிக்கு முப்பது, நாற்பது தடவை வந்தால் சுருதியாகப் பிடிக்கும். ரிவெர்பில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, எங்கோ ஓர் ஒழுங்கு மறையாமல் எட்டிப் பார்ப்பதால் வருபவை.

நிஜ மண்டபத்தின் கணக்கு

எதிரொலி என்பது தனியாகக் காதில் விழும் ஒரு திருப்பம். ஆயிரக்கணக்கான திருப்பங்கள் நெருக்கியடித்து ஒரே வாலாகத் தேய்வது எதிர்முழக்கம். ஒலி 60 டெசிபல் இறங்க ஆகும் நேரத்தை ஆர்டி60 என்பார்கள். 1895-இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை என்று அதைச் சரிசெய்யும் வேலையை இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் ஒப்படைத்தார்கள். அவர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து கண்ட விதி இன்றும் நிற்கிறது: ஆர்டி60 = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சுபரப்பு. கன அளவு கன மீட்டரில், பரப்பு சதுர மீட்டரில். அந்தக் கணக்கை வைத்துக் கட்டிய பாஸ்டன் சிம்ஃபனி ஹால் 1900-இல் திறந்தது. அதன் கன அளவு சுமார் 18,750 கன மீட்டர். ஆட்கள் நிறைந்திருக்கும்போது ஆர்டி60 சுமார் 1.9 நொடி.

ரிவெர்ப் செய்கிறவருக்கு இதோடு இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, நொடிக்கு எத்தனை எதிரொலி வந்து சேர்கிறது என்பது. ஒலி பரவப் பரவ இது நேரத்தின் வர்க்கமாக ஏறும். மேற்சொன்ன கன அளவில் 100 மில்லிநொடியில் நொடிக்கு 270 என்ற வீதத்தில் இருக்கும். 1,000-ஐத் தொட 190 மில்லிநொடி ஆகும். 200 கன மீட்டர் அறையில் அதே 1,000-ஐ 20 மில்லிநொடியிலேயே தொட்டுவிடும். சின்ன அறை உடனே ‘பொம்’மென்று நிரம்புவதும், பெரிய மண்டபம் நிதானமாக விரிவதும் இதனால்தான்.

மற்றது, ஒவ்வொரு ஹெர்ட்ஸ் அகலத்திலும் எத்தனை ஒத்ததிர்வு இருக்கிறது என்பது. பாஸ்டன் மண்டபத்தின் அளவுக்கு 1,000 ஹெர்ட்ஸ் அருகில் இது கிட்டத்தட்ட 5,800. டிலே லைன்களில் இந்த எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது: எல்லா லைன்களின் நீளத்தையும் நொடியில் கூட்டினால் வருவதுதான் ஒரு ஹெர்ட்ஸுக்கான ஒத்ததிர்வு எண்ணிக்கை. எட்டு லைன் சேர்ந்து அரை நொடிகூட வராது. அதாவது 5,800-க்கு எதிரே அரை. பிறகு எப்படி ஏமாற்ற முடிகிறது? 5,800-ஐயும் காது தனித்தனியே பிரித்துக் கேட்பதில்லை; பக்கத்துப் பக்கத்து முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து, எதுவும் தனியாகத் துருத்தாமல் இருந்தால் அதற்குப் போதும். குறைந்தபட்ச அளவுக்கு ஷ்ரோடர் தந்த கணக்கு: லைன்களின் மொத்த நீளம், ஆர்டி60-இன் 0.15 பங்காவது இருக்க வேண்டும். இந்த ஒரு எண்ணை மறந்ததால்தான் வீட்டில் செய்கிற ரிவெர்ப்கள் பெரும்பாலும் மணியடிக்கின்றன.

ஷ்ரோடர் 1961–62

பெல் லேப்ஸில் இருந்த மான்ஃப்ரெட் ஷ்ரோடர், 1961-இல் பி. எஃப். லோகனோடு சேர்ந்தும், 1962-இல் தனியாகவும் எழுதிய கட்டுரைகளில் வந்த அமைப்புதான் எல்லாவற்றுக்கும் தாய். அதற்கு முன் ஸ்டுடியோக்களில் இருந்தவை எதிரொலி அறைகளும், ஸ்பிரிங்குகளும், 1957-இல் வந்த இஎம்டி 140 என்ற எஃகுத் தகடும்தான். ஷ்ரோடர் எடுத்துக்கொண்டது இரண்டே உறுப்புகள்: கோம்ப், ஆல்பாஸ்.

கோம்ப் என்பது மேலே சொன்ன ‘ட்ர்ர்ர்’ சுற்று. ஒரு டிலே, ஒரு ஃபீட்பேக் கெயின் (திருப்பிவிடும் பங்கு). கரோக்கி ஆம்ப்ளிஃபயரின் ‘எக்கோ’ குமிழுக்குப் பின்னால் இருக்கும் பிடி2399 சிப்பும், சுற்றியிருக்கும் ஓரிரு ரெசிஸ்டர்களோடு சேர்ந்து இதைத்தான் செய்கிறது. அதன் அலைவெண் வரைபடம் சீப்பின் பற்களைப் போல இருப்பதால் அந்தப் பெயர். 29.7 மில்லிநொடிக்கு 33.7 ஹெர்ட்ஸுக்கு ஒரு பல், கெயின் 0.9 என்றால் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் 26 டெசிபல் வித்தியாசம். கெயினை இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தேய வேண்டும் என்பதை ஆர்டி60 தீர்மானிக்கிறது:

கெயின் = 10^(−3 × டிலே ÷ ஆர்டி60)

பாடங்களில் வழக்கமாகக் காட்டும் நான்கு நீளங்கள் 29.7, 37.1, 41.1, 43.7 மில்லிநொடி. ஆர்டி60 இரண்டு நொடி என்றால் கெயின்கள் முறையே 0.902, 0.880, 0.868, 0.860. நீளமான லைனில் ஒலி குறைந்த தடவையே சுற்றும், ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் இழக்க வேண்டும். நான்கும் இணையாக ஓடி, கூட்டப்பட்டு, 5.0, 1.7 மில்லிநொடியுள்ள இரண்டு ஆல்பாஸ்களைத் தொடராகக் கடக்கின்றன.

ஆல்பாஸ் செய்வது: உள்ளே வரும் சாம்பிளோடு (ஒலியின் ஒரு கண அளவீடு), டிலேயிலிருந்து வெளிவருவதை 0.7-ஆல் பெருக்கிக் கூட்டு. அந்தக் கூட்டுத்தொகையை டிலேயில் எழுது. டிலேயிலிருந்து வெளிவந்ததிலிருந்து அந்தக் கூட்டுத்தொகையின் 0.7 பங்கைக் கழித்து வெளியே அனுப்பு. எல்லா அலைவெண்ணும் ஒரே அளவில் கடந்துபோகும், எதிரொலி மட்டும் பெருகும். நான்கு கோம்ப்களும் சேர்ந்து நொடிக்கு 108 எதிரொலி தருகின்றன. ஓர் ஆல்பாஸ் ஒவ்வோர் எதிரொலியையும் கணிசமான மூன்றாக்கும். இரண்டு சேர்ந்து ஒன்பது மடங்கு. 970 ஆகிறது. நொடிக்கு 1,000 போதும் என்று அன்று கருதியதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிற கணக்கு.

ஆனால் தாள வாத்தியத்துக்கு அது போதாது. பாட்டுக்கும் வயலினுக்கும் 1,000 ஓரளவு தாங்கும்; மிருதங்கத்தின் சாப்பு மாதிரி கூர்மையான அடி விழுந்தால் மணலைச் சலிப்பது போன்ற நறநறப்பு கேட்கும். அதற்குப் பத்து மடங்கு வேண்டியிருக்கிறது. மொத்த நீளத்தையும் பாருங்கள்: நான்கு கோம்ப்பும் சேர்ந்து 0.1516 நொடி. 0.15 விதிப்படி இது ஒரு நொடி ஆர்டி60-க்குத்தான் சரி. குமிழை மூன்று நொடிக்குத் திருப்பினால் உலோக மணி கேட்பதில் ஆச்சரியமே இல்லை. அப்போது கெயினைக் குறைத்து ஒட்டுப்போடுவது பயன் தராது. லைன்களைக் கூட்ட வேண்டும்.

ஆல்பாஸ் ஒலிக்கு நிறம் சேர்க்காது, அதாவது சில அலைவெண்களை மட்டும் தூக்கிக் காட்டாது என்ற பேச்சையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வால் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அலைவெண் வரைபடம் தட்டையாக இருக்கும். காது அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. சில மில்லிநொடிகளைத் துண்டு துண்டாகக் கேட்கிறது. அந்தத் துண்டுகளில் ஆல்பாஸுக்கும் நிறம் உண்டு. ஒற்றை ஆல்பாஸை 30 மில்லிநொடிக்கு நீட்டிக் கேட்டால் அதே ‘ட்ர்ர்ர்’ தெளிவாக வரும்.

1979-இல் ஜேம்ஸ் மூரர் செய்த திருத்தம் சிறியது, பலன் பெரியது. கோம்ப்களை ஆறாக்கி, 50 முதல் 78 மில்லிநொடி வரை நீட்டி, ஒவ்வொன்றின் ஃபீட்பேக் பாதையிலும், உச்ச அலைவெண்களைக் குறைக்கும் லோபாஸ் ஃபில்டர் ஒன்றை வைத்தார். காற்றும் சுவர்த் துணிகளும் உச்ச அலைவெண்களை முதலில் தின்னும். வாலின் கடைசிப் பகுதி எப்போதும் முதற்பகுதியைவிட மங்கலாக இருக்கும். லோபாஸ் இல்லாத ரிவெர்பில் ‘ஸ்’ எழுத்து வரும் இடமெல்லாம் இரண்டு நொடிக்கு மணல் கொட்டும்.

கடைகளில் விலைக்கு வந்த முதல் டிஜிட்டல் ரிவெர்ப், பாரி பிளெஸ்ஸர் வடிவமைத்த இஎம்டி 250, ஆண்டு 1976. 1978-இல் டேவிட் கிரீசிங்கரின் லெக்ஸிகான் 224 வந்தது. இரண்டும் இன்றைக்கும் மென்பொருளாக நகலெடுக்கப்படுகின்றன.

ஃப்ரீவெர்பில் கற்றுக்கொள்ள வேண்டியது

இணையத்தில் கிடைக்கும் ரிவெர்ப் நிரல்களில் பல, ஃப்ரீவெர்ப் என்ற இலவச நிரலின் பிள்ளைகளாகத்தான் இருக்கும். எட்டு கோம்ப் இணையாக, நான்கு ஆல்பாஸ் தொடராக. 44,100 ஹெர்ட்ஸுக்கான (நொடிக்கு 44,100 சாம்பிள்) கோம்ப் நீளங்கள் 1116, 1188, 1277, 1356, 1422, 1491, 1557, 1617 சாம்பிள். ஆல்பாஸ் 556, 441, 341, 225. வலது சேனலுக்கு ஒவ்வொன்றோடும் 23 கூட்டு. மொத்த கோம்ப் நீளம் 11,024 சாம்பிள், கால் நொடி. ஷ்ரோடரின் நான்கைவிட நன்றாகக் கேட்பதற்கு முதல் காரணம் இந்தக் கால் நொடிதான்.

அதில் இரண்டு இடங்கள் கவனத்துக்குரியவை. எட்டு கோம்ப்புக்கும் ஒரே ஃபீட்பேக் எண். அறை அளவுக் குமிழ் பாதியில் இருந்தால் அது 0.84. லோபாஸைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், 1116 சாம்பிள் கோம்ப்பின் ஆர்டி60 1.00 நொடி, 1617-இன் ஆர்டி60 1.45 நொடி. குட்டை லைன்கள் முதலில் செத்து, வாலின் கடைசியில் நீள லைன்கள் ஒன்றிரண்டு மட்டும் தனியாக முனகுகின்றன. மேலே தந்த வாய்ப்பாட்டில் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனிக் கெயின் போட்டால் இது சரியாகும். எட்டே எட்டு எண்கள். இரண்டாவது, அதன் ‘ஆல்பாஸ்’ முழு ஆல்பாஸ் இல்லை. உள்ளே வருவதை அப்படியே கழிக்கிறது, கெயினால் பெருக்கிக் கழிப்பதில்லை. கெயின் 0.618 ஆக இருந்தால் மட்டுமே அது தட்டையாக இருக்கும். அதில் இருப்பதோ 0.5. கேட்க மோசமில்லை, ஆனால் அந்த நிரலைப் பார்த்து ஆல்பாஸ் கற்றுக்கொள்கிறவர்கள் தவறான ஆல்பாஸைக் கற்றுக்கொள்கிறார்கள்.

சாம்பிள் எண்ணிக்கையை அப்படியே 96,000 ஹெர்ட்ஸுக்கு எடுத்துப் போனால் மண்டபம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நீளங்களை மில்லிநொடியில் வைத்துக்கொண்டு, நிரல் தொடங்கும்போது சாம்பிளாக மாற்றுங்கள்.

எட்டையும் பின்னுவது

இணை கோம்ப்களின் அடிப்படைக் குறை, ஒவ்வொரு லைனும் தன்னைத் தவிர வேறு யாரோடும் பேசாதது. நொடிக்கு 108 என்று தொடங்கிய எதிரொலி கடைசி வரை 108 தான். நிஜ அறையில் அது ஏறிக்கொண்டே போகும். இதற்கு விடை, லைன்களின் வெளியீடுகளை ஓர் அணியின் வழியாகக் கலந்து எல்லா லைன்களுக்கும் திருப்புவது: ஃபீட்பேக் டிலே நெட்வொர்க், சுருக்கமாக எஃப்டிஎன். மைக்கேல் கெர்ஸான் 1970-களின் தொடக்கத்திலேயே இதற்கான யோசனையைச் சொன்னார். 1982-இல் ஜான் ஸ்டாட்னரும் மில்லர் பக்கெட்டும் நான்கு லைனில் செய்து காட்டினார்கள். 1991-இல் ழான்-மார்க் ழோ, அந்துவான் ஷேன் இருவரும் ஒவ்வொரு லைனின் தேய்வையும் நீளத்துக்கேற்பக் கணக்கிடும் முறையைத் தந்தார்கள். அதற்குப் பிறகு, புதிதாக ஒரு ரிவெர்ப் எழுதுகிறவர் இணை கோம்ப்பில் தொடங்க நியாயமே இல்லை என்பது இந்தக் கட்டுரையின் துணிபு. நிரல் அளவிலும் இது பெரியதல்ல.

48,000 ஹெர்ட்ஸுக்கு ஒரு வேலைசெய்யும் தொகுப்பு: 1427, 1637, 1973, 2287, 2689, 3121, 3673, 4327 சாம்பிள். 29.7 முதல் 90.1 மில்லிநொடி வரை. மொத்தம் 21,134 சாம்பிள், 0.44 நொடி, 0.15 விதிப்படி 2.9 நொடி ஆர்டி60 வரை தாங்கும். எட்டுமே பகா எண்கள். பொது வகுத்தி இருந்தால் எதிரொலிகள் ஒரே இடத்தில் குவியும்: 1000, 1500, 2000, 3000 என்று அழகாக வைத்தால் எல்லாம் 500-இன் மடங்குகளில் மட்டுமே விழுந்து, 96 ஹெர்ட்ஸில் ரீங்காரம் எழும். ஆனால் பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 1427, 1429, 1433 மூன்றும் பகா எண்களே. அவற்றை வைத்தால் மூன்று லைனும் கிட்டத்தட்ட ஒரே லைனாக நடந்துகொள்ளும். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சுமார் 15–20 விழுக்காடு நீளமாக இருக்கும்படி பரப்பிவிட்டு, பிறகு பக்கத்துப் பகா எண்ணுக்கு நகர்த்துவது நல்ல வழி.

லைன் ஒவ்வொன்றும் மெமரியில் ஒரு வட்டம். எழுதும் சுட்டி ஓர் இடத்தில் எழுதிவிட்டு ஒரு படி நகரும்; படிக்கும் சுட்டி 1427 இடம் பின்னால் வரும். வட்டத்தின் நீளம் 2-இன் அடுக்காக இருந்தால் ஓரத்தைத் தாண்டுவதைச் சோதிக்க வேண்டாம், 2047 போன்ற எண்ணோடு பிட் வாரியாக ‘அண்ட்’ செய்தால் போதும். மூன்று லைன் 2048-இலும், நான்கு 4096-இலும், ஒன்று 8192-இலும் அடங்கும்: மொத்தம் 30,720 இடம், 32 பிட் ஃப்ளோட்டில் 120 கிலோபைட். 520 கிலோபைட் மெமரி (எஸ்ரேம்) உள்ள இஎஸ்பி32 சிப்பிலும் இது அடங்கும். வரிசை மாறக் கூடாது: எட்டு லைன்களிலிருந்தும் முதலில் படி, ஃபில்டர் செய், கல, பிறகுதான் எட்டிலும் எழுது. படிப்பதும் எழுதுவதுமாக லைன் லைனாகப் போனால், முதல் லைனின் புதுச் சாம்பிள் இரண்டாவதின் பழைய சாம்பிளோடு கலந்து அணியின் சமநிலை கெடும்.

அணி எதுவாக இருக்கலாம்? ஆற்றலைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதாவது செங்குத்து அணி வேண்டும். தேய்வு முழுவதும் ஃபில்டர்களின் பொறுப்பு. வழக்கத்தில் இரண்டு உண்டு. ஹவுஸ்ஹோல்டர் மலிவானது: எட்டையும் கூட்டி, கால்வாசியாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் கழி. ஆனால் எட்டு லைனில் அதன் மூலைவிட்ட எண் 0.75, மற்றவை −0.25. ஆற்றலில் 56 விழுக்காடு தன் லைனுக்கே திரும்புகிறது, பின்னல் தளர்ந்துவிடுகிறது. நான்கு லைனுக்கு அது அருமை, ஏனெனில் அங்கே எல்லா எண்ணும் 0.5 அளவுதான். எட்டுக்கு ஹாடமார்டையே எடுங்கள். 1-2, 3-4, 5-6, 7-8 ஜோடிகளில் ஒரு கூட்டல், ஒரு கழித்தல். அடுத்த சுற்றில் 1-3, 2-4, 5-7, 6-8. கடைசிச் சுற்றில் 1-5, 2-6, 3-7, 4-8. மொத்தம் 24 கூட்டல் கழித்தல். முடிவில் எல்லாவற்றையும் 0.35355-ஆல் பெருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பெருக்கலை மறப்பதுதான் மிகச் சாதாரணமான விபத்து: ஒவ்வொரு சுற்றிலும் 9 டெசிபல் ஏறும், ஒலி நொடிக்குச் சுமார் 18 சுற்று போகும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு முதல் ஓட்டத்தைச் செய்யவே செய்யாதீர்கள். வெளியீட்டில், ஒலி ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்றை வைத்துவிட்டு, ஸ்பீக்கரில், குறைந்த ஒலியில் தொடங்குங்கள்.

தேய்வுக்கு ஒவ்வொரு லைனின் முடிவிலும் ஒற்றைப் படி லோபாஸ். அடி அலைவெண்ணில் 2 நொடி, உச்சத்தில் அரை நொடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4327 சாம்பிள் லைனுக்கு முதல் கெயின் 0.732, இரண்டாவது 0.288. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஃபில்டரின் நினைவுப் பங்கு: 0.436. புதிய வெளியீடு = 0.732 × 0.564 × உள்ளீடு + 0.436 × முந்தைய வெளியீடு. 1427 லைனுக்கு அதே கணக்கில் 0.902, 0.663, 0.153. எந்த அலைவெண்ணை எடுத்தாலும் அதில் எட்டு லைனும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் தேயும். ஃப்ரீவெர்பில் பார்த்த கடைசி முனகல் இங்கே வராது.

தொடக்கத்தில் மட்டும் இந்தப் பின்னல் மெலிந்திருக்கும். முதல் சுற்றில் 8 எதிரொலி, அடுத்ததில் 64, பிறகு 512. முதல் 100 மில்லிநொடியில் கஞ்சிரா அடி இன்னும் தனித்தனியாக எண்ணும்படி விழும். எனவே லைன்களுக்குள் போகுமுன் நான்கு குட்டை ஆல்பாஸ்களைத் தொடராக வையுங்கள். ஜான் டட்டோரோ 1997-இல் கிரீசிங்கர் பாணித் தகடு ரிவெர்பை விளக்கியபோது 29,761 ஹெர்ட்ஸுக்கு 142, 107, 379, 277 என்று கொடுத்தார். 48,000-க்கு மாற்றினால் 229, 173, 611, 447; கடைசி இரண்டையும் பக்கத்துப் பகா எண்ணுக்கு நகர்த்தினால் 229, 173, 613, 449, நான்கும் பகா எண்கள். கெயின் முதல் இரண்டுக்கும் 0.75, அடுத்த இரண்டுக்கும் 0.625. இன்னும் ஏற்றினால் அடியின் முனை மழுங்கி, மிருதங்கம் தலையணையில் தட்டியது போலாகும்.

சுவர்களிலிருந்து வரும் முதல் சில திருப்பங்களை எஃப்டிஎன்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ரிவெர்ப் சேராத உலர் ஒலியிலிருந்து தனி டிலே லைன் ஒன்றில் ஐந்தாறு இடங்களில் தட்டி எடுங்கள். ஒலி ஒரு மீட்டர் போக 2.9 மில்லிநொடி ஆகும். பக்கச் சுவர் வழியாக வரும் பாதை 5 மீட்டர் அதிகம் என்றால் 14.6 மில்லிநொடி. மண்டபத்தின் அளவைக் காது இந்த முதல் சில எண்களிலிருந்துதான் ஊகிக்கிறது.

ஸ்டீரியோவுக்கு ஒற்றைப்படை லைன்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். ஒரே லைனை ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் கழித்தும் போட்டால் ஹெட்ஃபோனில் அகலமாகத் தெரியும். ஆனால் ஒற்றை ஸ்பீக்கர் ஃபோனிலோ மோனோவில் ஓடும் ஒலிபெருக்கியிலோ இரு பக்கமும் ஒன்றையொன்று அழித்து, ரிவெர்பே காணாமல் போகும்.

அசைவு

எட்டு லைன் போதாத இடத்தில், இரண்டு மூன்று லைன்களின் நீளத்தை மெல்ல ஆட்டினால் முகடுகள் ஓரிடத்தில் நிற்காமல் நகரும், மணிச்சத்தம் கரையும். டட்டோரோவின் வடிவத்தில் இது நொடிக்கு ஒரு ஆட்டம் என்ற அளவில், 16 சாம்பிள் வரை. அளவு தாண்டினால் சுருதி ஆடும். 8 சாம்பிள் ஆழம், 0.7 ஹெர்ட்ஸ் வேகம் என்றால் சுருதி விலகல் 1.3 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), யாரும் உணர மாட்டார்கள். 48 சாம்பிள், 2 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஒரே சுற்றில் 21.6 சென்ட். அது கிட்டத்தட்ட 81/80 விகிதம், பிரமாண சுருதி என்று கணக்கிடப்படும் இடைவெளி. தம்புரா பின்னணியில் ஓடும் பதிவுக்கு இதைப் போட்டால் ஷட்ஜமே தள்ளாடும். மேற்கத்திய பாப் இசைக்காக வைத்த ப்ரீசெட்களில் ஆட்டத்தின் ஆழம் பெரும்பாலும் அதிகம். கர்நாடக இசைப் பதிவில் முதல் வேலையாக அதைக் கால்வாசியாக்குங்கள்.

நீளம் ஆடும்போது படிக்கும் இடம் இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே விழும், அங்குள்ள மதிப்பைக் கணக்கிட இடைச்செருகல் வேண்டும். நேர்கோட்டு இடைச்செருகல் எளிது, ஆனால் பாதி இடத்தில் நிற்கும்போது 12 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலை விழுங்கும். ஒரு தடவை விழுங்கினால் தெரியாது. சுற்றுக்குள் இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் விழுங்கும், ஆட்டும் லைன்கள் மட்டும் மந்தமாகும். ஆல்பாஸ் இடைச்செருகலோ நான்கு புள்ளி இடைச்செருகலோ போடுவது நல்லது.

அடங்கும்போது வரும் தொல்லைகள்

பாட்டு நின்று சில நொடிகள் கழித்து கணினியின் சுமை திடீரென்று எகிறினால் காரணம் டீநார்மல் எண்கள். வால் தேய்ந்துகொண்டே போய் 10^−38-க்கும் கீழே இறங்கும்போது பல ப்ராசஸர்கள் அந்த எண்களை மிக மெதுவாகக் கையாளும். அவற்றைப் பூச்சியமாக்கும் அமைப்பை இயக்குங்கள். இல்லையென்றால் உள்ளீட்டில் 10^−20 அளவுக்கு இரைச்சல் சேருங்கள். முழு எண்ணில் வேலைசெய்யும் மலிவான சிப்களில் கோளாறு வேறு. 16 பிட்டில் முழுமையாக்கும் பிழை சுற்றுக்குள் சிக்கி, வால் அடங்கவே அடங்காமல் மெல்லிய முனகலாக நின்றுவிடும். சுற்றுக்குள் குறைந்தது 24 பிட் வைத்து, முழுமையாக்கும்போது பூச்சியத்தை நோக்கி வெட்டினால் அது நிற்கும்.

சோதிக்க மூன்று ஒலிகள் போதும். ஒற்றைச் சாம்பிள் துடிப்பைக் கொடுத்து வாலைப் பதிவு செய்து, ஷ்ரோடரே 1965-இல் காட்டியபடி, வர்க்கங்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கூட்டி வரைந்தால் டெசிபல் கோடு நேராக இறங்க வேண்டும். −5-இலிருந்து −35 வரை இறங்கும் நேரத்தை இரட்டித்தால் ஆர்டி60. நீங்கள் கேட்ட 2 நொடியிலிருந்து அது விலகினால் எங்கோ ஒரு கெயின் தவறு. கோடு நடுவில் முழங்கால் போல மடங்கினால் சில லைன்கள் மற்றவற்றைவிட மெதுவாகத் தேய்கின்றன. இரண்டாவது ஒலி கஞ்சிரா அடி, எதிரொலியின் நெருக்கத்துக்கு. மூன்றாவது, நாகஸ்வரத்தில் ஐந்து நொடி நீட்டிப் பிடித்த ஒற்றை ஸ்வரத்தைச் சட்டென்று வெட்டியது. வாலின் கடைசி ஒரு நொடியை மட்டும் பெருக்கிக் கேளுங்கள். வாசித்த ஸ்வரம் மங்கிக்கொண்டே போனால் சரி. வாசிக்காத ஒரு சுருதி அங்கே தனியாக நின்றால், லைன்களின் மொத்த நீளம் பற்றவில்லை, அல்லது நீளங்களில் இரண்டு ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருக்கின்றன. லைன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.